வீட்டறை ஆய்வுக்கூடம்

நுழையும்முன்

கையிலுள்ள கருவி பழுதுபட்டால் அதைக் கடைக்குக் கொண்டுசெல்வது நம் வழக்கம். அதன் உள்ளே என்ன இருக்கிறது, அது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்ட கல்லூரி மாணவர் ஒருவரின் அறையில், கடனுக்கு வாங்கிய ஒரு கணினியில் பிறந்ததுதான் லினக்ஸ். அந்த மேசையின்மீது நிகழ்ந்த முயற்சிகளையும், அங்கு நேர்ந்த ஒரு பெருந்தவற்றையும், அத்தகைய மேசை இன்று எந்த மாணவரின் வீட்டிலும் அமையக்கூடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கடனுக்கு வந்த கணினி

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. சனவரித் திங்களின் தொடக்கத்தில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ ஆறு மணி நேரமே நீடிக்கும். 1991ஆம் ஆண்டின் அத்தகைய குளிர்நாள் ஒன்றில், பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்றுவந்த 21 வயது மாணவர் ஒருவர் தமக்கென ஒரு கணினியை வாங்கினார். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் எதுவும் அதன் பெட்டியில் இல்லை. 33 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய 386 நுண்செயலி, 4 மெகாபைட் நினைவகம், 40 மெகாபைட் வன்தட்டு ஆகியவை அதனுள் இருந்தன. இன்றைய கைப்பேசியில் எடுக்கப்படும் ஒளிப்படங்களில் பத்தைக்கூட அந்த வன்தட்டில் சேமிப்பது அரிது. எனினும் அன்று அதன் விலை ஏறத்தாழ 3,500 டாலர். மாணவரிடம் அவ்வளவு பணம் இல்லை. கிறித்துமஸ் பரிசாகக் கிடைத்த பணத்தையும் கல்விக் கடனையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தினார். மீதியை மூன்றாண்டுகளில் தவணையாகத் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

அம்மாணவரே லினஸ் டோர்வால்ட்ஸ். தாயுடனும் தங்கையுடனும் அவர் வாழ்ந்த அடுக்குமாடி வீட்டின் அறையொன்றில் அக்கணினி அமைந்தது. அங்கு ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க வசதி எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, தொலைபேசிக் கம்பியோடு இணைந்த ஒரு மோடம், அவிழ்க்கப்படாத கேள்விகள் பல. அவர் பெற்றிருந்த செல்வம் அவ்வளவே.

தாத்தாவின் மடியில் ஒரு பாடம்

கணினியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் அவருக்குத் திடீரென வந்ததன்று. அவருடைய தாய்வழித் தாத்தா லியோ டோர்ன்குவிஸ்ட் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர். 1980களின் தொடக்கத்தில் அவர் ‘கொமடோர் விக்-20’ என்னும் சிறு கணினியை வாங்கினார். அதன் நினைவகம் 5 கிலோபைட் மட்டுமே. தாத்தா தாளில் நிரல்களை எழுதுவார். அவர் மடியில் அமர்ந்த பேரன் அவற்றை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்வான். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நிரல் ஓடாது. எழுதியதை மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் பொறுமையை அச்சிறுவன் அந்த விசைப்பலகையிடமே கற்றுக்கொண்டான்.

பதின்பருவத்தில் அவர் வாங்கிய இரண்டாம் கணினி ‘சின்க்ளேர் கியூஎல்’. பின்லாந்தில் அதற்கான மென்பொருள்கள் எளிதில் கிடைக்கவில்லை. எனவே தமக்கு வேண்டிய எழுதுகருவி நிரல் முதலியவற்றைத் தாமே உருவாக்கினார். நெகிழ்வட்டை இயக்கும் மென்பொருள் மனநிறைவு அளிக்காதபோது அதையும் தாமே எழுதினார். அப்பணியின்போது கணினியின் இயக்க அமைப்பிலேயே சில பிழைகள் இருப்பதைக் கண்டறிந்தார். ஆனால் அவற்றைத் திருத்த அவரால் இயலவில்லை. அந்த இயக்க அமைப்பு, படிக்க மட்டுமே இயலும் நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது.

பிழை எங்குள்ளது என்று தெரிந்தும் அதைத் தொட இயலாமற்போவது எத்தகைய துன்பம் என்பதைக் கைவினைஞர் அறிவர். தறியின் ஊடே நூல் அறுந்திருப்பதைக் கண்ட நெசவாளரைத் தறியைத் தொடக் கூடாது என்று தடுப்பதற்கு ஒப்பானது அது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் தம்முடையதாயினும் அதன் உட்பகுதி தம்முடையதன்று என்னும் உண்மை அந்த இளைஞருக்கு உறுத்தலாக இருந்தது. பின்னாளில் அவர் செய்த பணியின் வேர் இங்கே இருக்கிறது எனலாம்.

காத்திருப்பும் கற்றலும்

1990ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஒரு பாடநூலைப் படித்தார். நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய அந்நூல், இயக்க அமைப்பு ஒன்றை எவ்வாறு வடிவமைப்பது என்று விளக்குவது. மாணவர் கற்பதற்கென்றே டானன்பாம் ‘மினிக்ஸ்’ என்னும் சிறிய இயக்க அமைப்பையும் உருவாக்கியிருந்தார். ஒரு கட்டடத்தின் படத்தைப் பார்ப்பது வேறு. அதன் செங்கல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பது வேறு. மினிக்ஸ் இரண்டாவது வாய்ப்பை வழங்கியது.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்திற்கு யூனிக்ஸ் வகை இயக்க அமைப்புடன் ஒரு கணினி வந்தது. அதை ஒரே நேரத்தில் 16 பேர் மட்டுமே பயன்படுத்த இயலும். மற்றவர் காத்திருக்க வேண்டும். யூனிக்ஸின் எளிமையும் ஒழுங்கும் டோர்வால்ட்ஸைக் கவர்ந்தன. அதை வீட்டிற்கு வாங்கிவரலாம் என்றால் அதன் விலை மாணவர் எட்டக்கூடியதாக இல்லை. ஆகவே 169 டாலர் விலையில் மினிக்ஸை வரவழைத்தார். அது 16 நெகிழ்வட்டுகளில் அஞ்சல்வழி வந்து சேரும்வரை, புதிய கணினியில் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார் என்பது அவரே பின்னாளில் கூறிய செய்தி. மேதைகளும் காத்திருக்கும் நேரத்தில் விளையாடுவோரே என்பது மாணவர்க்கு ஆறுதல் அளிக்கக்கூடும்!

இரண்டு எழுத்துகள்

மினிக்ஸில் பல குறைகள் அவர் கண்ணில் பட்டன. குறிப்பாக, வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ள உதவும் நிரல் சரியாக அமையவில்லை. அதைத் தாமே எழுதுவது என்று முடிவெடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனையை விதித்துக்கொண்டார். எந்த இயக்க அமைப்பையும் சாராமல், நெகிழ்வட்டிலிருந்து நேராகத் தொடங்கி, வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நிரலாக அது அமைய வேண்டும். தம் புதிய கணினியின் 386 செயலி எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதே அவரது உண்மையான நோக்கம்.

ஒரே செயலி இரண்டு வேலைகளை எவ்வாறு செய்யும்? பரோட்டா மாவைப் பிசைந்துகொண்டே குழம்பையும் கவனிக்கும் சமையற்கலைஞரைப் போல, அது ஒரு வேலையைச் சிறிது நேரம் செய்து, அதை நிறுத்தி, அடுத்ததற்கு மாற வேண்டும். கணினிக்குள் சீரான இடைவெளியில் துடிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் துடிப்பைக் கொண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்விக்கலாம். இதைச் சோதிக்க டோர்வால்ட்ஸ் இரு சிறு பணிகளை அமைத்தார். ஒன்று ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தைத் திரையில் எழுதிக்கொண்டே இருக்கும். மற்றொன்று ‘பி’ என்னும் எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும். ஒருநாள் திரையில் ஏ எழுத்துகள் ஒரு வரிசையும் பி எழுத்துகள் ஒரு வரிசையுமாக மாறி மாறித் தோன்றின. செயலி அவர் சொற்படி நடந்தது!

பெருமிதத்தோடு தம் தங்கை சாராவை அழைத்துக் காட்டினார். ஏ, பி எழுத்துகள் நிறைந்த திரையைச் சில நொடிகள் பார்த்த தங்கை, நன்று என்று கூறிவிட்டுச் சென்றுவிட்டார். பார்ப்பவர்க்கு அது வெறும் எழுத்து வரிசை. செய்தவர்க்கோ அது ஓர் உலகின் தொடக்கம். வீட்டில் தனித்து முயல்வோர் பலரும் சந்திக்கும் நிலையே இது. கைத்தட்டல் இல்லாத இடத்திலும் முயற்சி தொடர வேண்டியிருக்கிறது.

தொடர்ந்து அவ்விரு பணிகளையும் மாற்றியமைத்தார். ஒரு பணி மோடத்திலிருந்து வருவதைப் படித்துத் திரையில் காட்டியது. மற்றொன்று விசைப்பலகையில் அழுத்துவதை மோடத்திற்கு அனுப்பியது. இப்போது பல்கலைக்கழகக் கணினியோடு பேச முடிந்தது. அடுத்து, அங்கிருந்து கோப்புகளைக் கொண்டுவந்து சேமிக்க விரும்பினார். அதற்கு வன்தட்டை இயக்கும் நிரல் வேண்டும். கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையும் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை எழுதியபோதுதான், தாம் எழுதிக்கொண்டிருப்பது தொடர்புநிரல் அன்று, ஓர் இயக்க அமைப்பு என்பது அவருக்குப் புலனாயிற்று. 1991 ஆகஸ்டு 25 அன்று மினிக்ஸ் பயன்படுத்துவோர்க்கு அவர் எழுதிய அறிவிப்பில், இது பொழுதுபோக்கு முயற்சியே, பெரிதாக வளரப்போவதில்லை என்று அடக்கத்துடன் குறிப்பிட்டார். செப்டம்பரில் 0.01 என்னும் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் ஏறத்தாழ பத்தாயிரம் வரிகள் இருந்தன.

எல்லாம் கோப்பே

யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் ஓர் அழகிய கொள்கை உண்டு. வன்தட்டு, மோடம், விசைப்பலகை முதலிய சாதனங்கள் அனைத்தும் அங்குக் கோப்புகளாகவே தோன்றும். ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு கோப்புப்பெயர் உண்டு. அக்கோப்பில் எழுதினால் அச்செய்தி சாதனத்திற்குச் செல்லும். அதைப் படித்தால் சாதனம் தரும் செய்தி கிடைக்கும். கடிதம் எழுதத் தெரிந்தவர் எந்த ஊருக்கும் கடிதம் அனுப்பலாம். முகவரி மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதுபோலவே ஒரே முறையைக் கற்றவர் எல்லாச் சாதனங்களோடும் பேசலாம்.

முகவரி தவறினால் என்ன ஆகும்? டோர்வால்ட்ஸின் மேசையில் ஒருநாள் அதுவே நடந்தது. பல்கலைக்கழகத்தோடு இணைவதற்காகத் தொலைபேசி எண்ணைச் சுழற்றும் கட்டளையை மோடத்திற்கு அனுப்ப எண்ணினார். ஆனால் மோடத்தின் பெயருக்கு மாறாக, வன்தட்டின் ஒரு பிரிவைக் குறிக்கும் பெயரை இட்டுவிட்டார். கணினி தயங்கவில்லை. கேள்வி கேட்கவும் இல்லை. தொலைபேசியைச் சுழற்றும் கட்டளையை அப்படியே வன்தட்டின்மேல் எழுதியது. மினிக்ஸ் குடியிருந்த பிரிவின் இன்றியமையாத பகுதி அழிந்தது. அதுவரை அவர் தம் நிரல்களை உருவாக்கப் பயன்படுத்திவந்த களமே ஒரு நொடியில் இல்லாமற்போயிற்று.

அந்த இரவில் அவர்முன் இரு வழிகள் இருந்தன. 16 நெகிழ்வட்டுகளையும் மீண்டும் இட்டு மினிக்ஸை நிறுவிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அல்லது தாம் எழுதிய அமைப்பையே முழுமையாக நம்பி, அதன்மேல் நின்று பணியைத் தொடரலாம். முன்னது பாதுகாப்பானது, பின்னது உறுதியற்றது. அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். மினிக்ஸில் இருந்து தம்முடையதில் இல்லாதவை எவை என்று பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தார். ஊன்றுகோல் முறிந்ததனால் நடக்கப் பழகிய குழந்தையின் நிலை அது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சின்க்ளேர் கணினியில் இத்தகைய தவறு நேர்ந்திருக்க இயலாது. அதன் இயக்க அமைப்பைத் தொடவே முடியாது. ஆகவே அழிக்கவும் முடியாது. புதிய கணினியோ அவருக்கு முழு உரிமை அளித்தது. திருத்தும் உரிமையைத் தந்த அதே கதவுதான் அழிக்கும் வாய்ப்பையும் தந்தது. இரண்டையும் பிரிக்க இயலாது. தவறு செய்ய இடமில்லாத பொறியில் பயன்படுத்துவோர் இருக்கலாம். கற்போர் உருவாக மாட்டார்.

அறையைத் தேடி வந்த உலகம்

தாம் எழுதிய மூலநிரலை டோர்வால்ட்ஸ் பூட்டிவைக்கவில்லை. எவரும் பெற்றுப் படிக்கலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார். அவர் அதற்குச் சூட்ட நினைத்த பெயர் ‘பிரீயாக்ஸ்’. அதைப் பொதுவில் வைக்க இடம் அளித்த ஆரி லெம்கே என்பவர் அந்த அடைவிற்கு ‘லினக்ஸ்’ என்று பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. 1992இல் லினக்ஸ் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. திருத்தியவர் தம் திருத்தத்துடன் அதைப் பிறருக்கு வழங்கும்போது அதன் மூலநிரலையும் வழங்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம்.

ஜெர்மனியைச் சேர்ந்த பயனர் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகமே கொண்ட கணினி இருந்தது. லினக்ஸின் மூலநிரலை அதில் தொகுக்க இடம் போதவில்லை. டோர்வால்ட்ஸிடம் இருந்ததோ 4 மெகாபைட். அவருக்கு அக்குறை இல்லை. ஆயினும் 1991 கிறித்துமஸ் விடுமுறையில் அமர்ந்து, வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகத்தின் நீட்சியாகப் பயன்படுத்தும் வசதியை எழுதினார். முன்பின் அறியாத ஒருவருடைய எளிய கணினிக்காகச் செய்யப்பட்ட அப்பணி லினக்ஸைப் பலர் நாடுவதற்குக் காரணமாயிற்று.

பணம் அனுப்ப முன்வந்தோரிடம், அதற்கு மாற்றாக அவரவர் ஊரின் அஞ்சலட்டையை அனுப்புமாறு அவர் கேட்டுக்கொண்டார். பல நாடுகளிலிருந்தும் அஞ்சலட்டைகள் அந்த வீட்டிற்கு வந்து குவிந்தன. எழுத்து வரிசையைப் பார்த்துவிட்டு நகர்ந்த தங்கைக்கும் அப்போதுதான் அண்ணன் செய்வது ஏதோ பெரிய செயல் என்று தோன்றியது. கணினிக்கான தவணை மட்டும் தீராமல் இருந்தது. பின்னர் லினக்ஸ் பயனர்கள் தங்களுக்குள் நிதி திரட்டி அக்கடனைத் தீர்க்க உதவினர். திறந்துவைத்த அறைக்கு உலகம் செலுத்திய நன்றி அது.

தெரிந்து தெளிவோம்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவது லினக்ஸின் உட்கருவே. 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் இடம்பெறும் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் முதன்முதலாகப் பறந்த ‘இன்ஜெனுயிட்டி’ என்னும் சிறு வானூர்தியை இயக்கியதும் லினக்ஸே.

உள்ளங்கை அளவில் ஓர் ஆய்வுக்கூடம்

காலம் மாறியது. வீடுதோறும் கணினி வந்தது. ஆனால் வியப்புக்குரிய ஒரு மாற்றத்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எபென் அப்டனும் அவருடைய நண்பர்களும் 2000களின் நடுப்பகுதியில் கவனித்தனர். முன்பு கணினி அறிவியல் பயில வந்த மாணவர், வீட்டிலிருந்த எளிய கணினியில் நிரல் எழுதிப் பழகியவராக இருந்தனர். பிற்காலத்தில் வந்தோருக்கு அப்பழக்கம் குறைந்திருந்தது. விண்ணப்பிப்போர் தொகையும் குறைந்தது. காரணத்தை அவர்கள் ஆராய்ந்தனர். வீட்டுக் கணினி குடும்பம் முழுமைக்கும் உரியதாகிவிட்டது. அதில் கணக்குகளும் படங்களும் முக்கிய ஆவணங்களும் இருந்தன. ‘அதில் கைவைக்காதே, கெட்டுவிடும்’ என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தனர். பெற்றோர்மீது பிழை இல்லை. தவறு செய்வதற்கு ஏற்ற கணினி வீட்டில் இல்லை என்பதே குறை.

அக்குறையை நீக்கப் பிறந்தது ‘ராஸ்பெரி பை’. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த இது, வங்கி அட்டையின் அளவே உடைய கணினிப் பலகை. 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அதன் விலை 35 டாலர். டோர்வால்ட்ஸ் கடன்பட்டு வாங்கிய கணினியின் விலையில் அது நூற்றில் ஒரு பங்கு. அதில் வன்தட்டு இல்லை; இயக்க அமைப்பான லினக்ஸ் ஒரு சிறு நினைவக அட்டையில் இருக்கும். மாணவர் எவ்வளவு பெரிய தவறு செய்தாலும் அந்த அட்டையை அழித்து மீண்டும் எழுதினால் கணினி புத்துயிர் பெறும்.

பலகையின் ஓரத்தில் ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றோடு மின்தடையையும் சிறு ஒளிவிளக்கையும் இணைத்தனர் மாணவர். தொடக்கக் காலத்தில் அவ்வூசியும் லினக்ஸில் ஒரு கோப்பாகவே தோன்றியது. அதில் 1 என்று எழுதினால் விளக்கு எரியும். 0 என்று எழுதினால் அணையும். எழுத்து ஒளியாகும் அந்த நொடியைக் கண்ட மாணவர், ஏ, பி எழுத்துகளைக் கண்ட டோர்வால்ட்ஸின் மகிழ்ச்சியை உணர்ந்திருப்பர். இங்கும் எச்சரிக்கை தேவை. அவ்வூசிகள் 3.3 வோல்ட் மின்னழுத்தத்திற்கு ஏற்றவை. 5 வோல்ட் செலுத்தினால் பலகை பழுதாகக்கூடும். அட்டையை மீண்டும் எழுதலாம். கருகிய சில்லை மீட்க இயலாது. மென்பொருளின் தவறுக்கும் வன்பொருளின் தவறுக்கும் உள்ள வேறுபாடு இது.

பரணில் இருக்கும் பாடம்

வீட்டில் ஆய்வுக்கூடம் அமைக்கப் புதிய கருவி வேண்டும் என்பதில்லை. பயனற்றது எனப் பரணில் வைக்கப்பட்ட பழைய கணினியே போதும். பத்தாண்டு பழைமையான கணினியை இறக்கி, தூசு துடைத்து, மின்சாரம் கொடுத்தால் அது தானே சில கேள்விகளை எழுப்பும். அக்கேள்விகளே பாடத்திட்டம்.

முதற்கேள்வி பெரும்பாலும் காலத்தைப் பற்றியது. நீண்டகாலம் உறங்கிய கணினி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். இணையத்தில் நுழைந்தால், பாதுகாப்பான தளங்கள் பலவும் திறக்க மறுக்கும். இணைப்பில் கோளாறு என்று எண்ணிப் பலர் மணிக்கணக்கில் தேடுவர். உண்மைக் காரணம் தாய்ப்பலகையில் உள்ள, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுவே. அது வலுவிழந்தால் கடிகாரம் பின்னோக்கிச் செல்லும். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தவறான தேதிப்படி அச்சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவே இல்லை! சிறு தொகையில் மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்தினால் எல்லாம் சீராகும். நோய் ஓரிடம், அதன் அறிகுறி வேறிடம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் கற்பிக்காது.

அடுத்து, இயக்க அமைப்பை நிறுவுதல். லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றை விலையின்றிப் பெறலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்தியத் தொகுப்பும் அவற்றுள் ஒன்று. தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால் லினக்ஸின் பட்டியல்களையும் செய்திகளையும் தமிழிலேயே காணவும் இயலும். பதிவிறக்கிய தொகுப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். பல தொகுப்புகளை வன்தட்டைத் தொடாமல் இவ்வாறு இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு ஆகியவை இயங்குகின்றனவா என்று சோதித்த பின்னர் நிறுவுவதே முறை.

பென்டிரைவில் எழுதும் அந்த நேரமே மிகுந்த கவனம் வேண்டும் நேரம். லினக்ஸில் முதல் வன்தட்டுக்கு ‘எஸ்டிஏ’ என்றும், அடுத்துச் செருகிய பென்டிரைவுக்கு ‘எஸ்டிபி’ என்றும் பெயர் அமைவது வழக்கம். இரண்டுக்கும் வேறுபாடு ஏ, பி என்னும் ஓர் எழுத்தே. கட்டளையில் அவ்வெழுத்து மாறினால், பென்டிரைவில் எழுத வேண்டியது வன்தட்டின்மேல் எழுதப்படும். ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் செய்த தவற்றை இன்றும் உலகில் பலர் செய்துகொண்டுதான் இருக்கின்றனர். ஆகவே கட்டளையை இடுமுன் சாதனங்களின் அளவையும் பெயரையும் பட்டியலிட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்கும் முன்னதாக, அந்த வன்தட்டில் வீட்டாரின் படங்களும் ஆவணங்களும் உள்ளனவா என்று கேட்டறிந்து, வேறிடத்தில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். தவறு செய்யும் உரிமை தன் பொருளின்மேல் மட்டுமே ஒருவருக்கு உண்டு. பாட்டியின் ஒளிப்படத்தின்மேல் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று. என்ன செய்தோம், என்ன நிகழ்ந்தது, எதை எதிர்பார்த்தோம் என்னும் மூன்றும் போதும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியதைச் சோதித்தல், பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் என்பது அறிவியல் ஆய்வின் அடிப்படை. வேதியியல் கூடத்தில் கற்கும் அதே ஒழுங்கு, பழைய கணினியின்முன் அமர்ந்திருப்பவர்க்கும் உதவும். இவ்வாறு உயிர்பெற்ற கணினி வீட்டாரின் கோப்புகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் கிடங்காகலாம். தம்பி, தங்கையர் நிரல் எழுதிப் பழகும் பலகையாகலாம். குப்பைக்குச் செல்லவிருந்த மின்பொருள் ஒன்று குறைந்தது என்பதும் சிறு பயன் அன்று.

திறந்த கதவு

ஒரு தாத்தாவின் மடி, கடனுக்கு வாங்கிய கணினி, அஞ்சலில் வந்த நெகிழ்வட்டுகள், ஒரு தவறான பெயர் ஆகியவற்றிலிருந்து உருவாயிற்று லினக்ஸ். அதைப் படைத்தவர் தவறே செய்யாதவர் அல்லர். தவறு நேர்ந்த இரவில் எழுந்து செல்லாமல் அமர்ந்திருந்தவர். தாம் கற்றதைப் பிறர் கற்கும்படி திறந்துவைத்தவர்.

ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒரு மூலையில் பயனற்றுக் கிடக்கும் பொறி ஒன்று இருக்கக்கூடும். வீட்டாரின் இசைவுடன், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, அதன் மூடியின் திருகாணிகளைக் கழற்றும் மாணவர் முதலில் காண்பது தூசியாக இருக்கும். துடைத்தபின் காண்பது தாய்ப்பலகையாக இருக்கும். அதன்பின் எழும் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினால் அந்த மூலையும் ஓர் ஆய்வுக்கூடமே.

கற்பவை கற்றபின்…

1. வீட்டில் பழுதடைந்த பொருள் ஒன்று சரிசெய்யப்பட்ட நிகழ்வை, காரணம் கண்டறிந்த முறை விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘தவறு செய்ய இடமில்லாத பொறியில் பயன்படுத்துவோர் இருக்கலாம், கற்போர் உருவாக மாட்டார்’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உள்ள சாதனங்களின் பெயர்களைத் திரட்டி, அவற்றுக்கு வழங்கும் தமிழ்ச்சொற்களைப் பட்டியலிடுக.